அளவில்லாத தட்டு, அளவுள்ள கடல்
ஒரே கட்டணத்தில் வயிறு முட்டக் கடல் உணவு என்கிறது கோவளத்துப் பஃபே. கணக்குப் பார்த்தால் வேறு கதை.

கட்டணம் ஒருமுறைதான். தட்டை எத்தனை முறை வேண்டுமானாலும் நிரப்பிக்கொள்ளலாம். திருவனந்தபுரத்தின் பெரிய ஓட்டல்களும் கோவளத்துக் கடற்கரை விடுதிகளும் கடல் உணவு பஃபே அறிவிக்கும்போது வாடிக்கையாளரை இழுப்பது இந்த வாக்குறுதிதான். குடம்புளி போட்ட மீன் குழம்புக்கும் மரச்சீனிக் கிழங்குக்கும் பக்கத்தில் இப்போது சூஷியும் வந்து உட்கார்ந்துகொண்டிருக்கிறது. பச்சை மீனை யார் தின்பார்கள் என்று முகம் சுளித்த குடும்பங்களில், பிள்ளைகள்தான் முதலில் அந்தப் பக்கம் போகிறார்கள்.

பஃபே என்பது தாராளம் அல்ல, கணக்கு. வரிசையின் தொடக்கத்தில் சூப், ரொட்டி, நூடுல்ஸ், வறுத்த சாதம். இறாலும் நண்டும் கடைசியில். அங்கே போய்ச் சேரும்போது தட்டில் பாதி இடம் போயிருக்கும். விலை உயர்ந்த மீனைச் சமையல்காரரே நின்று ஒவ்வொரு துண்டாகப் பரிமாறுவார். சூஷி இந்தக் கணக்குக்கு நல்ல தோழன். காடி, சர்க்கரை, உப்பு கலந்த சோற்று உருண்டையின் மேல் மெல்லிய மீன் துண்டு. வயிற்றை நிரப்புவது பெரும்பாலும் சோறுதான்.

இரண்டு பழக்கங்களும் ஜப்பானில் ஒரே ஆண்டில் உருவெடுத்தன. 1958இல் டோக்கியோவின் இம்பீரியல் ஓட்டல், ஸ்காண்டிநேவிய விருந்தைப் பார்த்து, வேண்டியதை எடுத்து உண்ணும் உணவகத்தைத் திறந்து அதற்கு 'வைக்கிங்' என்று பெயர் சூட்டியது. ஜப்பானியர் இன்றும் பஃபேயை அப்படித்தான் அழைக்கிறார்கள். அதே ஆண்டு ஒசாகா பகுதியில் யோஷியாகி ஷிராய்ஷி, ஓடும் பட்டையில் சூஷித் தட்டுகளைச் சுழலவிட்டார். பணக்காரர் பண்டம் சாதாரண ஜனங்களின் மேஜைக்கு வந்தது.

கணக்குத் தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் ரெட் லாப்ஸ்டர் உதாரணம். 20 டாலருக்கு எல்லையற்ற இறால் என்ற சலுகையை 2023இல் அது நிரந்தரமாக்கியது. கூட்டம் வந்தது, ஒரே காலாண்டில் சுமார் 1.1 கோடி டாலர் நஷ்டமும் வந்தது. 2024 மே மாதம் நிறுவனம் திவால் மனு போட்டது. காரணங்கள் வேறும் உண்டு, ஆனால் இறால் பெயர் வாங்கிவிட்டது.

சூஷி மேஜையில் செம்மஞ்சள் நிறத்தில் மின்னும் சால்மன், ஜப்பானியப் பாரம்பரியம் அல்ல. பசிபிக் கடலின் சால்மனில் ஒட்டுண்ணிப் புழு இருக்கும் என்பதால் ஜப்பானியர் அதைப் பச்சையாகத் தொட்டதில்லை. பண்ணையில் வளர்த்த மீனை விற்க நார்வே 1980களில் திட்டம் போட்டு, அவர்களைச் சாப்பிட வைத்தது. அதே நார்வேக்காரர்கள் 1953இல் கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் திட்டம் தொடங்கி, கேரளத்தில் விசைப்படகு மீன்பிடிப்புக்கு வழி திறந்தவர்கள். இறால் ஏற்றுமதி பெருகியது. இழுவலைப் படகுகளுக்கும் கட்டுமரக்காரர்களுக்கும் மோதலும் பெருகியது. பாரம்பரிய மீனவர்களின் போராட்டங்களுக்குப் பின் 1988இல்தான் மழைக்கால இழுவலைத் தடை வந்தது. இப்போது ஜூன் 9 நள்ளிரவு தொடங்கி ஜூலை 31 வரை 52 நாள்.

ஜப்பானியர் உயிராய் மதிக்கும் சூரை மீன் கோவளத்துக்குப் பக்கத்திலேயே விழிஞ்ஞத்தில் இறங்குகிறது. தூண்டிலில் சூரை பிடிப்பதில் இந்தக் கரையினரும், எல்லைக்கு இப்பால் குமரி மாவட்டத்துத் தூத்தூர் மீனவர்களும் கைதேர்ந்தவர்கள். ஆனால் பச்சையாகத் தின்னும் தரத்துக்கு மீன் பிடிப்பது மட்டும் போதாது. சூரை வெதுவெதுப்பான உடல் கொண்டது. தூண்டிலில் போராடும்போது இன்னும் சூடேறும். உடனே கொன்று, ரத்தம் வடித்து, ஐஸில் புதைக்க வேண்டும். சிறு படகில் அவ்வளவு ஐஸுக்கு இடம் எங்கே? தாமதித்தால் சதையில் ஹிஸ்டமின் என்ற நச்சு உருவாகும். அதை வேகவைத்தாலும் போக்க முடியாது. ஒரே மீன், ஒரே கடல்; ஐஸ் இருந்தால் சூஷி விலை, இல்லாவிட்டால் குழம்பு விலை. அந்த வித்தியாசம் மீனவன் வீட்டுக்குப் போவதில்லை.

சாப்பிடுகிறவர் கவனிக்க வேண்டியவை சில உண்டு. புழு அபாயமுள்ள மீனைப் பச்சையாகப் பரிமாறுமுன் மைனஸ் 20 டிகிரியில் 7 நாள் உறைய வைக்க வேண்டும் என்பது அமெரிக்க உணவுத் துறையின் விதி. வீட்டு ஃப்ரிட்ஜை நம்பி இதில் இறங்க வேண்டாம். ஐஸ் மேல் இல்லாமல் வெளியே காத்துக்கிடக்கும் சூஷியை விட்டுவிடுங்கள். கர்ப்பிணிகளும் நோய் எதிர்ப்புக் குறைந்தவர்களும் வெந்த பக்கமே நிற்பது நல்லது.

மேஜை எல்லையற்றதாகத் தெரியலாம், கடல் அப்படி இல்லை. திருவனந்தபுரத்து ஏழை வீட்டின் அன்றாட மீன் சாளை, அதாவது மத்தி. கொச்சியிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கணக்குப்படி 2012இல் கேரளத்தில் சுமார் 3.9 லட்சம் டன் மத்தி கிடைத்தது. 2021இல் கிடைத்தது 3,297 டன். பிறகு லட்சம் டன்னைத் தாண்டி மீண்டது என்றாலும், ஒரு தலைமுறை மீனவர்களின் நம்பிக்கையை அந்தச் சரிவு ஆட்டிவிட்டது. 2025 மே 25 அன்று எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பல் கொச்சிக்கு அப்பால் மூழ்கியது. அதிலிருந்து சிதறிய பிளாஸ்டிக் குருணைகள் திருவனந்தபுரம் கடற்கரை வரை ஒதுங்கின. மீன் வாங்கவே ஜனங்கள் தயங்கினார்கள். தலையில் அலுமினியச் சட்டியுடன் தெருத்தெருவாக மீன் விற்கும் பெண்களுக்கு அந்த நாட்களில் பஃபே பற்றி யோசிக்க நேரமில்லை.

ஆண்டு முழுவதும் ஒரே அளவில் தட்டில் விழும் இறாலுக்கு இந்தக் கவலை எதுவும் கிடையாது. அது பெரும்பாலும் ஆந்திரத்துப் பண்ணைகளின் வெனாமி. கட்டணத்துக்கு ஈடாகத் தின்றுவிட வேண்டும் என்று அதையே குவித்துக்கொள்கிறவர், கோவளத்தில் உட்கார்ந்து கிருஷ்ணா டெல்டாவைச் சாப்பிடுகிறார்.

இந்தக் கரையைச் சாப்பிட விரும்புகிறவர், இன்று விழிஞ்ஞத்தில் என்ன இறங்கியது என்று முதலில் கேட்கட்டும். நெத்திலியாக இருக்கலாம், கணவாயாக இருக்கலாம், பாறையிலிருந்து முக்குளித்து எடுத்த சிப்பியாக இருக்கலாம். பதில் சொல்லத் தெரிந்த சமையல்காரர் இருக்கும் மேஜையில் ஒரு தட்டே போதும்.