பழைய கார் வாங்கப் போகிறீர்களா? அறிவியல் துணைக்கு வரும்

மாணவர்களே, உங்கள் அண்ணனோ அக்காவோ வேலைக்குச் சேர்ந்ததும் வாங்க நினைப்பது பெரும்பாலும் ஒரு பழைய காராகத்தான் இருக்கும். பத்து ஆண்டு ஓடிய மைவியோ சாகாவோ புதிய காரைவிட மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். ஆனால், விற்பனைக்கு நிற்கும் எந்தக் காரும் கழுவி, மெழுகு பூசிப் பளபளவென்றுதான் இருக்கும். பல மாதச் சம்பளத்தைக் கொடுத்து வாங்கிய பிறகு பழுது தெரிந்தால் பணம் நட்டம். அந்தப் பழுது பிரேக்கில் இருந்தால் உயிருக்கே ஆபத்து.

சாயத்தை ஒரே நாளில் புதுப்பித்துவிடலாம். ஆனால் உலோகமும் எண்ணெயும் ரப்பரும் இத்தனை ஆண்டுகள் பட்ட பாட்டை அவ்வளவு எளிதாக மறைக்க முடியாது. அந்தத் தடயங்களைப் படிக்க, பள்ளியில் நீங்கள் கற்கும் அறிவியலே பெரிதும் உதவும்.

இயந்திரம் குளிர்ந்திருக்க வேண்டும்

காரைக் காலையிலேயே பார்க்கச் செல்லுங்கள். நீங்கள் வரும்வரை அதை முடுக்க வேண்டாம் என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். காரணம் இதுதான்: இரவு முழுவதும் நின்ற காரில் எண்ணெய் கீழே வடிந்து தேங்கியிருக்கும். முடுக்கியதும் அது மேலே ஏறிப் பரவச் சில விநாடிகள் ஆகும். தேய்ந்த பாகங்கள் அந்த நேரத்தில்தான் 'கடகட' என்று சத்தம் போடும். இயந்திரம் சூடானதும் உலோகம் விரிவடைகிறது. எண்ணெயும் எங்கும் பரவிவிடுகிறது. அதனால் சில சத்தங்கள் அடங்கிப்போகும். முன்பே சூடாக்கி வைத்த கார் இந்தத் தடயத்தை மறைத்துவிடும்.

புகையின் நிறம்

முடுக்கியதும் பின்னால் சென்று புகைக்குழாயைக் கவனியுங்கள். காலையில் மெல்லிய வெண்ணிற ஆவி வந்தால் பயப்பட வேண்டாம். பெட்ரோலில் இருக்கும் ஹைட்ரஜன் ஆக்சிஜனோடு சேர்ந்து நீராகிறது. 1 லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 1 லிட்டர் நீர், ஆவியாக வெளியேறுகிறது! குழாய் சூடானதும் அந்த வெண்மை மறைந்துவிடும்.

மறையாமல் அடர்த்தியாக வரும் வெண்புகையில் இனிப்பு வாடையும் இருந்தால், ரேடியேட்டர் நீர் இயந்திரத்திற்குள் கசிந்து எரிகிறது என்று சந்தேகிக்கலாம். நீலப் புகை என்றால் எண்ணெய் எரிகிறது. கறுப்புப் புகை என்றால் காற்றுக்கு ஏற்ற அளவைவிடப் பெட்ரோல் கூடுதல். 1 கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். காற்று போதாவிட்டால், எரியாத கார்பன் கரியாக வெளியேறும்.

ஒரு முக்கிய எச்சரிக்கை: சூடான காரின் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தம் அதிகமாக இருப்பதால் நீர் 100 டிகிரி செல்சியசைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்தால் அழுத்தம் குறையும். நீர் ஒரே நொடியில் கொதித்து முகத்தில் பீறிட்டு அடிக்கும்.

காந்தம் காட்டிக் கொடுக்கும்

குளிர்பதனப் பெட்டியில் ஒட்டும் காந்தம் ஒன்றை எடுத்து, சாயத்தில் கீறல் விழாதபடி மெல்லிய துணியில் சுற்றுங்கள். கதவு, கூரை என ஒவ்வோர் இடமாக வைத்துப் பாருங்கள். தொழிற்சாலையில் பூசிய சாயத்தின் தடிமன் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர்தான். மோதி நசுங்கிய இடத்தைப் பூச்சு மாவால் நிரப்பியிருந்தால், அந்தத் தடிமன் 1 மில்லிமீட்டரைத் தாண்டிவிடும். தூரம் கூடக் கூடக் காந்த ஈர்ப்பு வேகமாகக் குறையும் அல்லவா? ஓரிடத்தில் மட்டும் காந்தம் வழுக்கி விழுந்தால், அங்கே என்ன நடந்தது என்று கேளுங்கள். முன்பக்க, பின்பக்க பம்பர்கள் பிளாஸ்டிக் என்பதால் அங்கே இந்தச் சோதனை பயன்படாது.

டயரின் பிறந்த நாள்

டயரின் பக்கவாட்டில் 'டி.ஓ.டி.' என்ற எழுத்துகளோடு தொடங்கும் குறியீட்டைத் தேடுங்கள். அதன் கடைசி நான்கு இலக்கங்கள் 2319 என்றால், 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது என்று பொருள். ஓடாமல் நின்றாலும் ரப்பர் வெயிலாலும் ஆக்சிஜனாலும் இறுகி வெடிக்கும். டயரின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் சக்கரங்கள் நேராக அமையவில்லை. காரின் அடிச்சட்டம்கூட வளைந்திருக்கலாம்.

வெள்ளத்தில் மூழ்கிய காரா?

2021 டிசம்பரில் ஷா ஆலம் வட்டாரத்தை வெள்ளம் சூழ்ந்தபோது ஏராளமான கார்கள் மூழ்கின. அப்படி மூழ்கிய காரைக் கழுவி உலர்த்தினால், பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் சேற்று நீரில் கரைந்திருக்கும் உப்புகள் மின்கம்பி இணைப்புகளில் தங்கிவிடும். அங்கே மின்சாரம் பாயும்போது உலோக அரிப்பு இன்னும் வேகமாகும். பழுது பல மாதங்கள் கழித்துத் தலைகாட்டலாம். காற்றுப்பையை இயக்கும் கருவி பல கார்களில் தரையை ஒட்டியே இருக்கிறது. அது கெட்டிருந்தால், விபத்தின்போது காற்றுப்பை விரியாமல் போகலாம்.

எனவே இருக்கை வாரைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள்; சேற்றுக் கறை அங்கே ஒளிந்திருக்கும். இருக்கைக்கு அடியில் உள்ள திருகாணிகள், மாற்று டயர் வைக்கும் பள்ளம் ஆகிய இடங்களில் துருவைத் தேடுங்கள். மிகப் பழைய காரில் தரைவிரிப்பு மட்டும் புத்தம் புதிதாக இருந்தாலும் காரணம் கேளுங்கள்.

பிரேக் எண்ணெய்

பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. 'டி.ஓ.டி. 4' வகை எண்ணெயின் கொதிநிலை, புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறினால் அது 155 டிகிரிவரை இறங்கலாம். கேமரன் மலை போன்ற இறக்கங்களில் பிரேக் சூடேறி எண்ணெய் கொதித்தால் ஆவிக்குமிழ்கள் உண்டாகும். திரவத்தைப்போல் அல்லாமல் ஆவி அழுத்தத்தில் சுருங்கிவிடும். மிதித்தாலும் பிரேக் பிடிக்காது. அந்த எண்ணெயைக் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று கேட்கத் தயங்காதீர்கள்.

இவற்றில் ஏதாவது ஒன்று தென்பட்டால் உடனே காரை ஒதுக்கிவிட வேண்டும் என்பதில்லை. குறித்துக்கொண்டு, முன்பணம் கொடுப்பதற்கு முன்பே நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரிடம் காட்டுங்கள். விற்பவர் அதற்கு மறுத்தால், அந்தக் கார் வேண்டாம் என்று வீட்டில் துணிந்து சொல்லுங்கள்.