கொம்பிரசர் முனகினால்: மோட்டரைக் கழற்றுவதற்கு முன் பார்க்கவேண்டியவை

கிளிநொச்சிப் பக்கம் உள்ளொழுங்கை ஒன்றில் சைக்கிள் திருத்தும் கொட்டில் வைத்திருக்கும் தம்பி ஒருவர் கடந்த மாதம் எனக்குத் தொலைபேசி எடுத்தார். "அண்ணை, கொம்பிரசர் முனகுது, சுத்துதில்லை. கொயில் எரிஞ்சிட்டுதாம், மோட்டரைக் கழட்டிக் கொண்டுவரட்டாம்."

இறுதி யுத்தத்தில் ஒரு காலை இழந்தவர் அவர். மிதித்துக் காற்றடிக்கும் பம்ப் சரிவராது என்பதால்தான் கடன் எடுத்து இந்த 2 குதிரை வலு இயந்திரத்தை வாங்கினார். அது நின்றால் கடையும் நிற்கும். கிழமைத் தவணை நிற்காது.

"கழட்டாதை, நான் வாறன்" என்றேன். எரிந்துவிட்டது என்று என்னிடம் வரும் மோட்டர்கள் பல எரிந்திருப்பதில்லை. எரிந்த கொயிலில் வார்னிஷ் கருகிய மணம் இருக்கும். இதில் அது இல்லை.

முதலில் தாங்கியிலுள்ள காற்றை முழுவதும் திறந்துவிட்டேன். நல்ல கொம்பிரசர் தானாக நிற்கும்போது "புஸ்" என்று ஒரு சத்தம் வரும். பம்பின் தலையில் அடைபட்ட காற்றை ஒரு சிறிய வால்வு வெளியேற்றும் சத்தம் அது. அந்த வால்வு பழுதானால் அடுத்த முறை மோட்டர் அழுத்தத்தை எதிர்த்துச் சுற்றமுடியாமல் முனகும். வெறும் தாங்கியோடு இயங்கினால் பிழை மோட்டரில் இல்லை. இங்கே அப்போதும் முனகியது. உடனே நிறுத்தினேன். முனகும் மோட்டரை இரண்டு மூன்று செக்கனுக்கு மேல் விட்டால் எரியாத கொயிலும் எரியும்.

பிளக்கைக் கழற்றி, பெல்ற்றையும் கழற்றிக் கையால் சுற்றினேன். பம்பும் மோட்டரும் இலகுவாகச் சுற்றின. இறுக்கம் இல்லை. அடுத்தது கப்பாசிட்டர்.

இதில் கவனம் தேவை. பிளக்கைக் கழற்றிய பின்னும் கப்பாசிட்டரில் மின் தங்கியிருக்கும், தொட்டால் அடிக்கும். பலர் ஸ்குரூட்ரைவரால் இரு முனைகளையும் தட்டிப் பொறி பறக்கவிடுவார்கள். வேண்டாம். பழைய இழை பல்ப் ஒன்றின் இரு வயர்களையும் முனைகளில் சில செக்கன் பிடித்தால் போதும். இந்தக் கப்பாசிட்டரில் எழுதியிருந்தது 200 மைக்ரோ ஃபரட். மீற்றர் காட்டியது 60 கூட இல்லை.

புதியது போடும்போது அதே மைக்ரோ ஃபரட் வேண்டும். வோல்ற் அளவு குறையக்கூடாது. ஃபானின் கப்பாசிட்டரைப் போட்டுப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். அது 2, 3 மைக்ரோ ஃபரட் சாமான். இதற்கு உதவாது.

மாற்றியதும் மோட்டர் சுற்றியது. ஆனால் நான் அதோடு வந்திருந்தால் சில மாதங்களில் மீண்டும் அழைப்பு வந்திருக்கும். வீட்டிலிருந்து கொட்டிலுக்கு 30 மீற்றர் தூரம். இழுத்திருந்தது 1 சதுர மில்லிமீற்றர் மெல்லிய வயர். மோட்டர் தொடங்கும் கணத்தில் ஓடும்போது எடுப்பதைவிட ஐந்து மடங்கு வரை மின்னோட்டம் எடுக்கும். 230 வோல்ற்றில் 40 வரை அந்த வயரிலேயே போய்விடும். தொடக்க வலுவில் மூன்றில் ஒரு பங்கு இல்லாமற்போகும். மோட்டர் வேகம் பிடிக்கச் சுணங்க, ஒரு கணம் மட்டும் வேலைசெய்யவேண்டிய கப்பாசிட்டர் நெடுநேரம் சூடாகிச் சாகும்.

தடித்த வயர் வாங்கலாம், விலைதான் அதிகம். நாங்கள் கொம்பிரசரை வீட்டுச் சுவரோரம் நகர்த்தி, காற்றுக் குழாயை நீட்டினோம். வயரைவிடக் குழாய் மலிவு.

இன்னொன்று. கொம்பிரசரைப் போட்டவுடன் ட்ரிப் சுவிச் விழுந்தால், அதைத் தாண்டி நேரடியாக வயர் கொடுக்கவேண்டாம். பெரும்பாலும் மோட்டரின் உடலில் மின் கசிகிறது. ஈர மண்ணில் நிற்பவர் உயிர் போகும். அப்போதுதான் கழற்றிக் கொண்டுவரவேண்டும்.

தம்பியின் கடை மறுநாளே திறந்தது. சுவரோரம் வந்த சத்தத்தில் கைக்குழந்தை நித்திரை கொள்ளுதில்லை என்று மனைவிக்கு மட்டும் கோபம். அடியில் பழைய ரயர்த் துண்டுகளை வைக்கச் சொல்லியிருக்கிறேன்.