ஊட்டியிலிருந்து வெளிநாட்டுக்கு: விமானத்தைத் தவறவிடாமல் இருக்க என்ன செய்யலாம்?

விசா வந்தாச்சு, டிக்கெட் எடுத்தாச்சு, பெட்டியும் கட்டியாச்சு. நீலகிரியில் இருப்பவர்களுக்கு இதற்குப் பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது: மலையிலிருந்து நேரத்துக்குக் கீழே இறங்குவது. படிப்புக்கோ வேலைக்கோ போகும் பிள்ளைக்கு வாங்கிய டிக்கெட், ஒரு மண்சரிவால் வீணாகிவிடக் கூடாது அல்லவா?

நேரத்தைப் பின்னாலிருந்து கணக்கிடுங்கள்

கோவையிலிருந்து இரவு 11 மணிக்கு விமானம் என்று வைத்துக்கொள்வோம். பன்னாட்டுப் பயணத்துக்கு 3 மணி நேரம் முன்னதாக, அதாவது இரவு 8 மணிக்கு, விமான நிலையத்தில் இருக்க வேண்டும். ஊட்டியிலிருந்து சாலை வழியாக சுமார் மூன்றரை மணி நேரம். அப்படியென்றால் மாலை 4.30-க்குக் கிளம்பலாம். ஆனால் மலைப்பாதைக்கு 2 மணி நேரம் கூடுதலாக வைத்து, மதியம் 2.30-க்கே கிளம்பிவிடுங்க. விடியற்காலை விமானம் என்றால் முந்தின நாள் வெளிச்சம் இருக்கும்போதே இறங்கி, கோவையில் தங்குவது நல்லது. அறை வாடகை ஒரு புது டிக்கெட்டைவிடக் குறைவுதான்.

எந்த வழி?

குன்னூர், பர்லியார் வழியும் கோத்தகிரி, குஞ்சப்பனை வழியும் மேட்டுப்பாளையத்தில் சேர்கின்றன. ஒன்று அடைபட்டால் மற்றொன்று இருக்கிறது. கோடை சீசனில் வண்டிகள் குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்கும்படி ஒருவழிப் போக்குவரத்து அமலாவது வழக்கம். குன்னூர்க்காரர்கள் இதையும் நேரக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கூடலூர் பக்கம் இருப்பவர்களுக்கு நாடுகாணி வழியாகக் கோழிக்கோடு விமான நிலையமும் உண்டு. பெங்களூரு போகிறவர்கள் கவனிங்க: பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடப்படும். சில பேருந்துகளுக்கும் ஆம்புலன்ஸுக்கும் மட்டுமே விலக்கு.

மலை ரயிலை இந்தப் பயணத்துக்கு நம்ப வேண்டாம். 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமான ரயில்தான்; ஆனால் மழைக்காலத்தில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே தண்டவாளத்தில் மண் சரிந்தால் ரயில் ரத்தாகிவிடும்.

மழையைச் சாதாரணமாக எடுக்காதீர்கள்

2009 நவம்பர் மழையில் நீலகிரியில் 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள், சாலைகளும் துண்டிக்கப்பட்டன. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் பயணம் என்றால் இரண்டு நாள் முன்பிருந்தே டி.என்.அலர்ட் செயலியைப் பாருங்க. சாலை திறந்திருக்கிறதா என்று மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையை 1077-இல் கேட்கலாம்.

கீழிருந்து கார் வருகிறதா?

உள்ளூர் பதிவெண் வண்டிக்கு இ-பாஸ் தேவையில்லை. ஆனால் கோவையிலிருந்து உறவினரோ டாக்சியோ உங்களை அழைத்துப்போக மேலே வந்தால் அந்த வண்டிக்கு இ-பாஸ் வேண்டும். முன்கூட்டியே பதிவு செய்யச் சொல்லுங்க. அரசுப் பேருந்தில் வருபவர்களுக்கு இ-பாஸ் தேவையில்லை.

விமானமே தாமதமானால்?

நீங்கள் நேரத்துக்கு செக்-இன் செய்திருந்தால், சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரக விதிப்படி உணவும் குடிநீரும் கேட்கலாம். இரண்டரை மணி நேரம் வரையிலான பயணத்துக்கு 2 மணி நேரத் தாமதம், 5 மணி நேரம் வரையிலான பயணத்துக்கு 3 மணி நேரம், அதற்கு மேல் 4 மணி நேரம் என்பது கணக்கு. விமானம் ரத்தானால் மாற்று விமானம் அல்லது பணம் திரும்ப. மோசமான வானிலை காரணம் என்றால் இழப்பீடு கிடைக்காது.

விமானத்தைத் தவறவிட்டாலும் முழுப் பணமும் போய்விடாது. கட்டணம் திரும்பாத டிக்கெட்டிலும் வரிகள், விமான நிலையக் கட்டணங்களைத் திரும்பப் பெறலாம். எழுதிக் கேட்க வேண்டும். புகார் இருந்தால் ஏர்சேவா செயலியில் பதிவு செய்யுங்க.

இரண்டு விமானம் மாறும் பயணமா? ஒரே பி.என்.ஆரில் டிக்கெட் எடுங்க. முதல் விமானம் தாமதமாகி அடுத்தது தவறினால், மாற்று ஏற்பாடு செய்வது விமான நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனி டிக்கெட் என்றால் நஷ்டம் உங்களுடையது. பெட்டியை எடுத்து மறுபடி செக்-இன் செய்ய, இடையில் இறங்கும் நாட்டின் விசாவும் தேவைப்படலாம்.

ஐரோப்பிய ஒன்றிய நாட்டிலிருந்து புறப்பட்டு 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமாகச் சேர்ந்தால், காரணம் விமான நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இருந்தால், தூரத்தைப் பொறுத்து 250 முதல் 600 யூரோ வரை இழப்பீடு கேட்கலாம்.

போனில் இருக்க வேண்டியவை

மலைப்பாதையில் சிக்னல் எல்லா இடத்திலும் கிடைக்காது. எனவே டிக்கெட், விசா, பாஸ்போர்ட் முதல் பக்கம் ஆகியவற்றை இணையம் இல்லாமலே திறக்கும்படி சேமித்து வையுங்க. பவர் பேங்க், மாத்திரைகள் கைப்பையில் இருக்கட்டும். தாமதம் பற்றி வரும் எஸ்.எம்.எஸ்., ரசீதுகளை அழிக்காதீர்கள். பின்னால் பணம் கேட்க அவைதான் ஆதாரம்.

வெளிநாட்டில் சிக்கிக்கொண்டால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தை அணுகுங்கள். தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலத்துறையை இந்தியாவுக்குள் 1800 309 3793, வெளிநாட்டிலிருந்து +91 80 6900 9901 எண்களில் அழைக்கலாம். பயணிப்பவர் போனில் மட்டுமல்ல, வீட்டில் இருப்பவர் போனிலும் இந்த எண்கள் இருக்கட்டும்.