நடு ஸ்பீக்கர் எதற்கு?



திருவனந்தபுரம் தம்பானூரில் கைரளி, நிளா, ஸ்ரீ என்று மூன்று தியேட்டர்கள் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. டிசம்பரில் கேரள சர்வதேசத் திரைப்பட விழா வந்தால் அங்கே நீண்ட வரிசை நிற்கும். நீங்கள் எந்தத் தியேட்டருக்குப் போனாலும், படம் தொடங்குமுன் அனுமதி கேட்டுத் திரைக்குப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். தூரத்திலிருந்து வெள்ளைச் சுவர் மாதிரித் தெரிந்த திரையில் பொடிப்பொடியாகத் துளைகள் இருக்கும். ஒவ்வொரு துளையும் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான்.

ஒலி வெளியே வருவதற்காகத்தான் அந்தத் துளைகள். திரைக்குப் பின்னால் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, நட்டநடுவில் ஒன்று என ஸ்பீக்கர்கள் நிற்கின்றன. பாட்டும் இசைக்கருவிகளும் பெரும்பாலும் இரு பக்கங்களிலிருந்தும் வரும். கதாநாயகன் பேசும் வசனம் நடுவிலிருந்து வரும். வீட்டு டிவியில் துளை கிடையாது. அதனால்தான் ஹோம் தியேட்டரில் அந்த நடு ஸ்பீக்கரை டிவிக்குக் கீழே வைக்கிறோம்.

ஹோம் தியேட்டர் பெட்டியின்மேல் 5.1 என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். முன்னால் மூன்று, பக்கவாட்டில் அல்லது சற்றுப் பின்னால் இரண்டு, ஆக 5. இடி, வெடி போன்ற தாழ்ந்த ஒலிகளுக்கென்று இருக்கும் தனித்தடம்தான் அந்த .1. எந்த ஒலி எந்த ஸ்பீக்கருக்குப் போகவேண்டும் என்பதை ஒலிக்கலவை செய்பவர்கள் ஸ்டுடியோவில் முடிவு செய்கிறார்கள். திருவனந்தபுரத்தை அடுத்த திருவல்லத்தில் இருக்கும் அரசின் சித்ராஞ்சலி ஸ்டுடியோவில் இந்த வேலை நடக்கிறது. 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்தின் ஒலிக்கலவைக்காக 2009-இல் ஆஸ்கார் விருதைப் பகிர்ந்துகொண்ட ரசூல் பூக்குட்டி, திருவனந்தபுரம் அரசு சட்டக் கல்லூரியில் படித்துவிட்டுப் புனேக்குப் போய் ஒலிப்பதிவு கற்றவர்.

இல்லாத ஸ்பீக்கர் பேசுகிறது!

"இரண்டு ஸ்பீக்கரே போதாதா?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. ஒரு சோதனை செய்து பார்ப்போம்.

இரண்டு ஸ்பீக்கர்களை 2 மீட்டர் இடைவெளியில் வையுங்கள். சரியாக நடுவில், 2 மீட்டர் தள்ளி உட்கார்ந்து செய்தி அறிக்கை கேளுங்கள். கண்ணை மூடினால், ஒன்றுமே இல்லாத நடு இடத்திலிருந்து செய்தியாளர் பேசுவது மாதிரி இருக்கும். இரண்டு காதுக்கும் ஒலி ஒரே நேரத்தில், ஒரே அளவில் வருவதால், மூளை அதை நடுவில் இருப்பதாக எடுத்துக்கொள்கிறது.

இப்போது இடப்பக்கமாக அரை மீட்டர் நகர்ந்து உட்காருங்கள். குரல் சட்டென்று இடது ஸ்பீக்கருக்குத் தாவிவிடும்! ஏழாம் வகுப்பைத் தாண்டியவர்கள் பிதாகரஸ் தேற்றத்தை வைத்துக் கணக்குப் போடலாம். இப்போது இடது ஸ்பீக்கர் 2.06 மீட்டர் தூரத்தில் இருக்கிறது, வலது 2.50 மீட்டர். வித்தியாசம் 44 சென்டிமீட்டர். நம் ஊர் 30 டிகிரி வெயிலில் ஒலி விநாடிக்கு 349 மீட்டர் ஓடும். எனவே வலது ஸ்பீக்கரின் ஒலி 1.26 மில்லி விநாடி பிந்தி வருகிறது. ஒரே ஒலி இரண்டு தடவை வந்தால், முதலில் வந்த திசையைத்தான் மூளை நம்பும். பிந்தி வருவது ஒரு மில்லி விநாடியைத் தாண்டினாலே போதும், குரல் முந்தியதன் பக்கம் போய்விடும். ஜெர்மானிய ஆய்வாளர் ஹெல்முட் ஹாஸ் இதை விரிவாக ஆராய்ந்து 1949-இல் எழுதினார்.

ஆக, இரண்டு ஸ்பீக்கர் மட்டும் இருந்தால் சோபாவின் நடுவில் இருப்பவருக்கு மட்டுமே குரல் நடிகரின் வாயிலிருந்து வரும். ஓரத்தில் இருப்பவர்களுக்கு வராது.

நடுவில் இருப்பவருக்கும் ஒரு சிறு நஷ்டம் உண்டு. இடது ஸ்பீக்கரின் ஒலி உங்கள் வலக் காதுக்கும் போகிறது, தலையைச் சுற்றிக்கொண்டு சுமார் கால் மில்லி விநாடி பிந்தி. குளத்தில் அருகருகே இரண்டு மழைத்துளி விழுந்தால் வட்டவட்டமாக அலைகள் கிளம்பும் அல்லவா? ஓர் அலையின் மேடும் இன்னோர் அலையின் பள்ளமும் சந்திக்கும் இடத்தில் தண்ணீர் அடங்கிவிடும். ஒலியலைகளும் அப்படித்தான். கால் மில்லி விநாடி பிந்தினால் 2000 ஹெர்ட்ஸ் அளவிலுள்ள, அதாவது விநாடிக்குச் சுமார் 2000 தடவை அதிரும், ஒலிகள் மங்கும். வலி, வளி, வழி என்ற மூன்றையும் காது பிரித்தறிய உதவும் நுட்பமான கூறுகள் அந்தப் பகுதியை ஒட்டித்தான் இருக்கின்றன. மலையாளத்துக்கும் இது பொருந்தும்.

தொண்ணூறு ஆண்டுக்கு முந்தைய யோசனை

1931-இல் இங்கிலாந்துப் பொறியாளர் ஆலன் புளூம்லைன், பின்னாளில் தம் மனைவியான பெண்ணோடு படம் பார்க்கப் போனார். நடிகர் திரையின் ஒரு பக்கம் இருக்க, குரல் வேறு பக்கத்திலிருந்து வந்தது. அதைச் சரிசெய்ய அவர் யோசித்த வழிகளிலிருந்து ஸ்டீரியோ ஒலிக்கான காப்புரிமை பிறந்தது.

அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தினர் 1933 ஏப்ரல் 27 அன்று இன்னொன்று செய்தார்கள். பிலடெல்பியாவில் வாசித்த இசைக்குழுவின் ஒலியைச் சுமார் 200 கிலோமீட்டர் தள்ளி, வாஷிங்டன் அரங்கத்துக்குக் கம்பி வழியாக அனுப்பினார்கள். மேடையில் மூன்று மைக், அரங்கத்தில் மூன்று ஸ்பீக்கர். பெரிய அரங்கில் ஜனங்கள் பரவி உட்காருவதால் நடுவிலும் ஒன்று வேண்டும் என்பது அவர்கள் கண்ட முடிவு. அதே மூன்றுதான் இன்று தம்பானூர் திரைக்குப் பின்னால் நிற்கிறது.

எதை வாங்குவது?

முதல் விதி: நடு ஸ்பீக்கர், முன்னால் இருக்கும் இடது வலது ஸ்பீக்கர்களின் அதே கம்பெனியையும் அதே மாடல் வரிசையையும் சேர்ந்ததாக இருக்கவேண்டும். இல்லையென்றால் திரையில் இடமிருந்து வலமாக ஓடும் ஆட்டோ, நடுவில் வந்ததும் வேறு வண்டி மாதிரிச் சத்தம் போடும். மூன்றும் ஒரே மாதிரி ஸ்பீக்கராகவே இருந்தால் இன்னும் நல்லது.

இரண்டாவது விதி: பெட்டியின் வலையைக் கழற்றிப் பாருங்கள். கடைகளில் கிடைப்பவற்றில் பல, நடுவே கீச்சொலிகளுக்கான சின்ன டுவீட்டரும் இரு பக்கமும் தாழ்ந்த ஒலிகளுக்கான வூஃபரும் கொண்டு படுத்த வாக்கில் இருக்கும். இரண்டு வூஃபர்களுக்கு நடுவே 35 சென்டிமீட்டர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 30 டிகிரி ஓரமாக உட்கார்ந்தால், ஒரு வூஃபரின் ஒலி மற்றதைவிட 17.5 சென்டிமீட்டர் அதிகம் ஓடிவர வேண்டும். 1000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளத்தில் இது சரிபாதி. மேடும் பள்ளமும் மறுபடி சந்தித்துவிட்டன! ஓரத்தில் இருப்பவருக்காக வாங்கிய ஸ்பீக்கர் அவருக்கே குரலை மங்கவைக்கிறது. டுவீட்டருக்கு நேர் கீழே பேச்சுக்கென்று ஒரு தனி மிட்ரேஞ்ச் வைத்த மாடல்களில் இந்தத் தொல்லை குறைவு.

மூன்றாவது விதி: பெரிய பெட்டிக்கு ஆசைப்பட வேண்டாம். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள மிகத் தாழ்ந்த ஒலிகளை அவற்றுக்கென்றே இருக்கும் சப்வூஃபரிடம் விட்டுவிடலாம். சவுண்ட்பார் வாங்குபவர்கள் 2.1 போட்டதைவிட 3.1 போட்டதைப் பாருங்கள். அந்த 3-க்குள் நடுத்தடம் அடங்கியிருக்கிறது.

எப்படி வைப்பது?

டிவி ஸ்டாண்டின் உள்ளே தள்ளி வைக்காதீர்கள். பலகையில் ஒலி பட்டுத் திரும்பிக் குரல் குழம்பும். பலகையின் முன்விளிம்பு வரை இழுத்து வைத்து, டுவீட்டர் உங்கள் காதைப் பார்க்கும்படி முன்பக்கத்தைச் சற்று உயர்த்துங்கள். ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவரின் மெனுவில் ஒவ்வொரு ஸ்பீக்கரின் தூரத்தையும் கேட்கும். டேப்பால் அளந்து உண்மையான தூரத்தைக் கொடுங்கள். மூன்றின் ஒலியும் ஒன்றாக வந்து சேருமாறு அது பார்த்துக்கொள்ளும்.

இடவப்பாதிப் பருவமழை கூரையில் கொட்டும்போது வசனம் கேட்காமல் மொத்த வால்யூமையும் கூட்டுகிறோம். அடுத்த காட்சியில் வெடி வெடித்தால் வீடே அதிரும். அதற்குப் பதில் நடு ஸ்பீக்கரை மட்டும் 2 அல்லது 3 டெசிபல் கூட்டினால் போதும். டைல்ஸ் தரையில் ஒரு ஜமுக்காளம் விரித்தால், எதிரொலி குறைந்து பேச்சு இன்னும் துலக்கமாகும்.

கடைக்குப் போகும்போது நீங்களும் கூடப் போங்கள். சண்டைக் காட்சியைப் போட்டு அசத்தப் பார்ப்பார்கள். "இருவர் பேசும் காட்சி போடுங்கள் அண்ணா" என்று கேளுங்கள். வால்யூமைக் குறைக்கச் சொல்லி, ஓர நாற்காலியில் உட்கார்ந்து கேளுங்கள். வீட்டில் பாட்டி அந்த ஓரத்தில்தான் உட்காருவார். அங்கே ஒவ்வொரு சொல்லும் விளங்கினால் அந்த ஸ்பீக்கரை வாங்கலாம். விளங்காவிட்டால், விலை எத்தனை ஆயிரமாக இருந்தாலும் அது உங்கள் வீட்டுக்கு வேண்டாம்.