சத்தம் கூடினால் சக்தி கூடுமா?

உறுமுகிற எக்ஸாஸ்ட் பொருத்தினால் கார் பறக்கும் என்பது ஸ்போர்ட்ஸ் கார் பிரியர்களிடம் ஊறிப்போன நம்பிக்கை. 1998இல் மலேசிய மோட்டார் சைக்கிள் கிராண்ட் பிரீ நடந்த பாசிர் கூடாங் பந்தயக் களத்தைக் கண்ட ஜொகூரிலும் அந்த நம்பிக்கைக்குப் பஞ்சமில்லை. சத்தமும் சக்தியும் ஒரே குழாயோடு தொடர்புடையவைதான். ஆனால் ஒன்றைக் கூட்டினால் மற்றது தானாகக் கூடிவிடாது. நிறுவனம் பொருத்தித் தந்த குழாயைக் கழற்றுகிறவர் கேட்க வேண்டியது, புதியது எவ்வளவு முழங்கும் என்பதல்ல. நம் எஞ்சினுக்கும் நாம் ஓட்டும் சாலைக்கும் அது பொருந்துமா என்பதே.

எக்ஸாஸ்ட் வால்வு திறந்ததும் சூடான வாயு ஓர் அழுத்த அலையாகப் பாய்கிறது. குழாய் சட்டென்று அகலும் இடத்தை அது எட்டும்போது, அதன் ஒரு பகுதி அழுத்தம் குறைந்த அலையாக மாறித் திரும்புகிறது. வால்வு மூடுவதற்குச் சற்று முன் அது வந்து சேர்ந்தால், சிலிண்டரில் மிஞ்சிய புகையை இழுத்து வெளியேற்றிப் புதிய கலவைக்கு இடம் தருகிறது. அந்த நேரத்தைத் தீர்மானிப்பது, எஞ்சினை ஒட்டியிருக்கும் ஹெடர் குழாய்களின் நீளம். விட்டத்தைத் தேவைக்கு மேல் பெரிதாக்கினால் வாயுவின் வேகம் குறைந்து, தாழ்ந்த சுற்றுகளில் இழுவை தளரும். டர்போ காருக்கு அகலமான குழாய்தானே நல்லது என்று கேட்கலாம். உண்மைதான். டர்பைனுக்குப் பின்னால் எதிரழுத்தம் குறையக் குறைய டர்போ விரைவாகச் சுழலும். ஆனால் அதன் முழுப் பலன் எஞ்சின் கணினியையும் அதற்கேற்பத் திருத்தினால்தான் கிடைக்கும். ஓர் அளவுக்கு மேல் அகலத்தால் சத்தம்தான் மிச்சம்.

சத்தத்திலும் இனிமையானது உண்டு, தலைவலி தருவதும் உண்டு. நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஓடும்போது வினாடிக்கு 100 எரிதல்கள் நிகழ்கின்றன. அதாவது 100 ஹெர்ட்ஸ் ஒலி. வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் பல கார்கள் இந்தச் சுற்றுக்கு அருகில்தான் ஓடும். இத்தகைய ஒலியை மட்டுப்படுத்தும் ரெசனேட்டரைக் கழற்றிவிட்டால் அந்த ஒலி கார் அறைக்குள் இடைவிடாத ரீங்காரமாக நிறைகிறது. இதற்கு மருந்து, முனை அடைத்த ஒரு கிளைக் குழாய். சூடான வாயுவில் ஒலி வினாடிக்கு 450 மீட்டர் செல்வதாகக் கொண்டால், ஏறக்குறைய 1.1 மீட்டர் நீளமுள்ள கிளை அந்த அலையை எதிரலையால் அழித்துவிடும். 2017இல் வந்த ஹோண்டா சிவிக் டைப் ஆரின் மூன்று வால்குழாய்களில் நடுவில் உள்ளது அழகுக்காக வைத்ததல்ல. ரீங்காரத்தை அடக்குவது அதன் முக்கிய வேலை.

உலோகத்திலும் கவனம் வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. மஃப்ளர் நன்றாகச் சூடேறும் முன்பே முடிந்துவிடும் குறுகிய பயணங்களில் அந்த நீர் உள்ளேயே தங்கித் துருவை வளர்க்கும். வெளியே ஜொகூரின் மழையும் ஈரக்காற்றும் சேர்ந்துகொள்ளும். அதனால் 304 ரகத் துருப்பிடிக்காத எஃகுக்குக் கூடுதல் விலை கொடுப்பது வீணல்ல. டைட்டானியம் எஃகின் எடையில் பாதியை விடச் சற்றே அதிகம். பந்தயத்தில் அது ஆதாயம், அன்றாடச் சாலையில் பெரும்பாலும் ஆடம்பரம்.

பந்தயக்காரர்கள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத்தானே ஓட்டுகிறார்கள் என்பது கடைசி வாதம். அவர்களின் எஞ்சின் உச்சச் சுற்றுகளிலேயே வாழ்கிறது, அதற்கென்றே திருத்தப்பட்டது. சாலைக் காரில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றினால் கார்பன் மோனாக்சைடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் தீங்கு குறைந்த வாயுக்களாக மாற்றப்படாமல் தெருவுக்கு வரும். சத்தத்துக்கும் மலேசியாவில் 1987 முதலே வாகன இரைச்சல் விதிமுறைகள் உள்ளன. 10 டெசிபல் கூடினாலே காதுக்கு அது இரட்டிப்பாகக் கேட்கும். நள்ளிரவில் தாமான் குடியிருப்புக்குள் நுழையும் கார் எத்தனை வீடுகளை எழுப்பும் என்று எண்ணிப் பாருங்கள்.

எனவே கன்வெர்ட்டரைத் தொடாமல் அதற்குப் பின்னாலுள்ள பகுதியை மட்டும் மாற்றுவதும், ரெசனேட்டருடன் வாங்குவதும்தான் பெரும்பாலோருக்கு ஏற்ற தேர்வு. பணம் கட்டுமுன் உங்கள் கார் மாடலுக்கே எடுத்த, சக்தியை அளந்து காட்டும் டைனோ வரைபடத்தைக் கேளுங்கள். அதே குழாய் பொருத்திய காரில் நெடுஞ்சாலை வேகத்தில் ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். இரண்டுக்கும் மழுப்பும் பட்டறையில் வாங்காதீர்கள்.