வட்டக்களரி மேடையேறியபோது

வீதியில் ஆடும் ஆட்டத்தை நாடக மேடைக்குக் கொண்டுவருவது என்றதும் நம்மில் பலருக்கு ஹிப்ஹொப்தான் நினைவுக்கு வரும். 1970களில் நியூயோர்க்கின் புரொங்ஸ் பகுதியில் பிறந்த பிரேக் ஆட்டத்தில் எல்லோரும் வட்டமாக நிற்பார்கள். ஒருவர் மாறி ஒருவர் நடுவே வந்து ஆடுவார்கள். இந்த ஆட்டத்தைப் பிலடெல்பியாவைச் சேர்ந்த ரெனி ஹரிஸ் அரங்குக்குக் கொண்டுசென்றார். 1992இல் குழுவொன்றை அமைத்த அவர், 2000ஆம் ஆண்டில் ரோமியோ ஜூலியட் கதையையே ஹிப்ஹொப்பில் மேடையேற்றினார். சுற்றிவர நின்று பார்த்த ஆட்டத்தை ஒரு பக்கம் மட்டும் திறந்திருக்கும் மேடையில் எப்படி ஆடுவது? சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

இதே சிக்கலுக்கு, அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே நமக்குப் பக்கத்திலுள்ள பேராதனையில் விடை தேடியவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன்.

மட்டக்களப்புக் கிராமங்களில் கூத்து, வட்டக்களரியில் விடிய விடிய ஆடப்படும். நடுவில் அண்ணாவியார் மத்தளத்துடன் நிற்பார். கூத்தர் அவரைச் சுற்றி ஆட, சனங்கள் நாற்புறமும் இருந்து பார்ப்பார்கள். யாரும் யாருக்கும் முதுகு காட்டுவதாக நினைப்பதில்லை. ஆடிய கால் அடுத்த சுற்றில் நம் பக்கம் வந்துவிடும் அல்லவா!

1956இல் பேராசிரியர் சரச்சந்திர, நாடகம் என்ற சிங்களக் கிராமியக் கூத்து மரபிலிருந்து ‘மனமே’யைப் படைத்தார். தமிழிலும் அப்படிச் செய்யலாம் என்ற நம்பிக்கை பல்கலைக்கழகத்தில் வளர்ந்தது. 1962இல் ‘கர்ணன் போர்’ மேடையேறியது. ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’, ‘வாலிவதை’ என்பன அதைத் தொடர்ந்தன. இராவணனாக ஆடியவர் அன்று மாணவராயிருந்த சி. மௌனகுரு.

வித்தியானந்தன் இரவு முழுதும் நீண்ட கூத்தைச் சில மணி நேரத்துக்குள் சுருக்கினார். திரும்பத் திரும்ப வரும் பாட்டுகள் குறைந்தன. அண்ணாவியாரும் பாடுவோரும் மேடையின் ஓரத்துக்குச் சென்றனர். ஆட்டம் பார்வையாளரை நோக்கித் திரும்பியது. ஒளியமைப்பு வந்தது. கூத்தனின் முகமும் பேச வேண்டியதாயிற்று. தாளக்கட்டையும் ஆட்டத்தையும் மட்டும் அவர் கைவிடவில்லை. அவை போனால் பிறகு கூத்து ஏது?

இதனால் இழப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். களரியில் ஆடுபவன் ஊராரின் மகன் அல்லது மருமகன். அவனுக்குச் சால்வை போர்த்த ஊரே எழுந்து வரும். மண்டபத்தில் கைதட்டலுடன் அது முடிந்துவிடுகிறது. ஆனாலும் பேராதனைக்கு வராதிருந்தால், மலையகத்தில் இருக்கும் நமக்கு வடமோடி எது, தென்மோடி எது என்று தெரிந்திருக்குமா? உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும் படிக்கும் நாம் இன்று அதைப் பாடமாகவே படிக்கிறோம். கிழக்கிலங்கை முஸ்லிம்களின் பொல்லடியும் வட்டமாக நின்று ஆடுவதுதான். பாடசாலை மேடையில் அதை ஆடும்போது வட்டத்தை உடைப்பதா, அப்படியே வைத்து ஒரு பாதியினரின் முதுகைக் காட்டுவதா என்ற விவாதம் எழவே செய்யும். வட்டத்தை விடக்கூடாது என்பது என் கட்சி.

மௌனகுரு பின்னர் கிழக்குப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு ‘இராவணேச’னைப் புதிதாக மேடையேற்றினார். களரியில் பெண் வேடத்தையும் ஆண்களே கட்டிய காலம் இருந்தது. இன்று பெண்கள் பாடசாலைகளின் கூத்தில் அரசனுக்கும் மாணவியே முடி தரிக்கிறாள்.