முழங்கால் நீரில்

மட்டக்களப்பு வாவிக்கரையிற் பிறந்து வளர்ந்தவன் நான். என் தந்தையார் வீச்சுவலையால் எங்களை வளர்த்தார். நானோ வலையை விட்டு வெண்கட்டியைக் கையில் எடுத்தேன். முப்பது ஆண்டுகள் பாடஞ் சொல்லி ஓய்வுபெற்றபின், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் வாழும் மகனிடம் சென்றிருந்த ஒரு பங்குனி மாதத்தில், மீண்டும் உப்புநீரில் இறங்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது.

கோர்ப்பஸ் கிறிஸ்தி என்னும் நகருக்குத் தெற்கே லகூனா மாத்ரே என்றொரு நீண்ட களப்பு உண்டு. பெருநிலத்துக்கும் பாத்ரே தீவு என்னும் நெடிய மணற்றிட்டுக்கும் இடையே கிடக்கும் அதன் சராசரி ஆழம் ஏறக்குறைய 1 மீற்றரே. அங்கு வந்து விழும் ஆற்றுநீர் சொற்பம்; மழை குறைவு; வெயிலோ கடுமை. ஆதலால் அதன் உப்பு பல காலங்களிற் கடலுப்பையும் மிஞ்சி நிற்கும். எனினும் அடியெங்கும் கடற்புல் செழித்திருக்கிறது. அந்தப் புல்வெளியே மீன்களின் மேய்ச்சல் நிலம்.

விடியுமுன் நாங்கள் நீரில் இறங்கினோம். தென்கிழக்குக் காற்று மெல்லத் தொடங்கியிருந்தது.

"அப்பா, காலத் தூக்கி வைக்காதீங்க, தேய்ச்சித் தேய்ச்சி நடங்க. திருக்கை கிடக்கும்" என்றான் மகன்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆறு வயதில் என் தந்தையார் எனக்குக் கற்பித்த நடை அது. மணலிற் புதைந்து கிடக்கும் திருக்கையை மிதித்தால் முள்ளாற் குத்தும். காலை இழுத்து நடந்தாலோ தானே விலகி ஓடும். உலகின் மறுபுறத்தில், மகன் வாயிலாக அப்பாடம் என்னிடமே திரும்பி வந்திருந்தது.

குளிர்காலத்தில் ஆழமான வாய்க்கால்களில் ஒதுங்கியிருக்கும் மீன்கள், இளவேனிலில் நீர் சூடேறியதும் இந்தப் புல்வெளிகளுக்குத் திரும்புகின்றன. இறாற் குஞ்சுகள் கடலிலிருந்து களப்புக்குள் வருவதும் அக்காலத்திலேதான். இரை வந்த இடத்திற்கு வேட்டையாடுவனவும் வருகின்றன. அவற்றுள் முக்கியமானவை இரண்டு.

ஒன்று, புள்ளிகள் நிறைந்த கடல் ட்ரவுட். பெயரைக் கண்டு நாம் ஏமாறலாகாது. வெள்ளையர் கொண்டுவந்து நுவரெலியாவின் குளிரோடைகளில் விட்ட ட்ரவுட் மீனுக்கும் இதற்கும் உறவில்லை. இது நம் கடலிலுள்ள கத்தாளையின் இனத்தது. இதன் வாய் மிக மென்மையானது. ஆத்திரப்பட்டு வெட்டியிழுப்பவனுக்கு வெறுந்தூண்டிலே மிஞ்சும். மற்றையது ரெட்பிஷ் எனப்படும் செம்பொன் நிற மீன். இதுவும் அவ்வினமே. வாலடியிற் காசளவான ஒரு கரும்புள்ளி உண்டு. தலைகீழாக நின்று நண்டையும் இறாலையும் கிண்டித் தின்னும்போது, ஆழமற்ற நீரில் அதன் வால் வெளியே எழுந்து வெயிலில் மின்னும். அந்த வாலைத் தேடியே மனிதர் முழங்கால் நீரில் மணிக்கணக்காக நடக்கின்றனர்.

மகன் முதலில் 17 அங்குல ட்ரவுட் ஒன்றைப் பிடித்துக் கறிக்கென வைத்துக்கொண்டான். வெயில் ஏறியபின் என் தூண்டிலை ஒரு ரெட்பிஷ் கவ்வியது. கால்மணி நேரம் என்னை இழுத்தடித்த அதனை இரு கைகளாலும் ஏந்தினேன். அப்பொழுது என் உள்ளங்கையில் ஓர் அதிர்வு எழுந்தது. அம்மீனின் ஆண், தன் காற்றுப்பையைத் தசைகளால் அதிரச்செய்து பறைபோல் ஒலிக்கவல்லது. நிலாக் காலங்களிற் கல்லடிப் பாலத்தருகே தோணியிலிருந்து, துடுப்பின் நுனியைக் காதில் வைத்து வாவியின் பாட்டைக் கேட்ட இரவுகள் என் நினைவுக்கு வந்தன.

மகன் அளந்தான்: 30 அங்குலம். 20 அங்குலத்திற்குக் குறைந்ததையும் 28 அங்குலத்தை மிஞ்சியதையும் விட்டுவிட வேண்டும் என்பது அம்மாநிலத்து விதி. பெரியதொன்றை வைத்திருக்க வேண்டுமானால், உரிமச் சீட்டோடு கிடைக்கும் அடையாளத் துண்டை அதிற் கட்டவேண்டும். அதைப் பயன்படுத்த அவன் மறுத்துவிட்டான்.

"இனிமேல்தான் இது வெளிக்கடலுக்குப் போய் இனம் பெருக்கும், அப்பா. நாற்பது வருசமும் உயிர் வாழக்கூடியது. விடுங்க" என்றான்.

என் கைகள் விட மறுத்தன. காரணம் உண்டு. ஒரு மாரியில் முகத்துவாரம் வெட்டிய நாட்களில், என் தந்தையார் இரண்டு முழ நீளமான கொடுவா ஒன்றைப் பிடித்தார். வயிறு நிறையச் சினை. அதை விற்ற பணத்திலேதான், ஆசிரியப் பயிற்சிக்குச் செல்ல எனக்குப் பெட்டியும் வேட்டியும் வாங்கினார். அவர் அன்று அதை விட்டிருந்தால் நான் ஆசிரியனாகியிருப்பேனா?

திரும்பும் வழியில் மகன் அவ்விதிகள் பிறந்த கதையைச் சொன்னான். மீன் அருகிவருவது கண்டு, 1981இல் டெக்சாஸ் அரசு தன் நீரிற் பிடிக்கப்படும் இவ்விரு மீன்களையும் விற்பதைத் தடைசெய்தது. அதே காலத்தில், நியூ ஓர்லியன்ஸ் நகரின் சமையற் கலைஞர் போல் புருடோம், மசாலை தடவிக் கருகச் செய்த ரெட்பிஷ் உணவைப் புகழ்பெறச் செய்தார். நாடெங்கும் அதற்குக் கிராக்கி ஏற்பட்டது. வெளிக்கடலில் இனம்பெருக்கும் கூட்டங்களையே பெருவலைகள் வளைக்கத் தொடங்கின. 1986இல் மத்திய அரசும் தலையிட நேர்ந்தது. குஞ்சு பொரிக்கும் நிலையங்கள் எழுந்தன. மீன் மீண்டது. 2021 பெப்ரவரிக் கடுங்குளிரில் அக்கரையோரத்தில் ஏறக்குறைய 38 இலட்சம் மீன்கள் செத்து மிதந்தபோது, ட்ரவுட் பிடிக்கும் அளவை அரசு மேலும் சுருக்கியது.

"விதி நல்லது, மகன். ஆனால் 1981இல் வலையைச் சுருட்டி வைத்தவன் வீட்டில் அடுத்த மாதம் எப்படி உலை கொதித்தது?" என்று கேட்டேன். அவன் மௌனமானான்.

மீனை விடுவது அறமே. பொழுதுபோக்குக்காக வந்தவனுக்கு அவ்வறம் எளிது. பசித்த வீட்டுக்காரனுக்கோ அது ஒரு தியாகம். நம் களப்புகளிலும் சின்னக்கண் வலைகளைத் தடுக்கவேண்டும், சினைமீனைக் காக்கவேண்டும் என்று பேசுகிறோம். பேசத்தான் வேண்டும். ஆனால் வலையை நிறுத்தச் சொல்லும் நாவு, அந்நாட்களுக்கான அரிசிக்கும் வழி சொல்லக் கடமைப்பட்டது. அன்றேல் அவ்விதி, வயிறு நிறைந்தவன் பசித்தவனுக்குச் சொல்லும் உபதேசமாகவே முடியும்.

நான் மீனை விட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நீருக்குள் அதை நிமிர்த்திப் பிடித்தேன். செவுள்கள் இரண்டொரு முறை விரிந்தன. பின் வாலால் என் முழங்காலில் அடித்துவிட்டுப் புல்லுக்குள் மறைந்தது. அன்றிரவு மருமகள் ட்ரவுட் மீனில் எங்களூர்ப் புளியாணம் வைத்தாள். உண்ணும்போது தந்தையாரின் கொடுவாவை நினைத்தேன். அவர் செய்ததும் பிழையன்று. நான் செய்ததும் பிழையன்று. அவர் அதைப் பிடித்ததனாலேயே, இதை விடக்கூடிய நிலைக்கு நான் வந்தேன்.